வானிலிருந்து வந்த செய்தி

ஐதராபாத்து மாநகரின் வடகிழக்குப் பகுதியில், ஈ.சி.ஐ.எல். சந்திப்புக்கு அணித்தாக அமைந்துள்ளது ஏ.எஸ்.ராவ் நகர். அரசர் பெயராலும் தெய்வத்தின் பெயராலும் அரசியல் தலைவர் பெயராலும் வழங்கும் குடியிருப்புகள் நம் நாட்டில் எண்ணில. மின்பொறியியல் கற்ற ஒருவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு மிக அரிது. பிழைப்பு நாடித் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து இங்கே வேரூன்றிய நாம், அப்பெயரைக் கடித முகவரியில் ஆண்டுக்கணக்காக எழுதியும், பெயருக்குரிய மனிதரை நினைத்தது குறைவு. ஆட்டோ ஓட்டுநருக்கு அஃது ஓர் இறங்குமிடம். துணி எடுக்க வருவோர்க்கு ஒரு கடைத்தெரு. சங்க மலருக்குக் கட்டுரை எழுத அமர்ந்தபோது அப்பெயரிலிருந்தே தொடங்கல் வேண்டும் எனத் தோன்றிற்று.

அய்யகாரி சாம்பசிவ ராவ் 1914ஆம் ஆண்டில் மேற்குக் கோதாவரி மாவட்டத்து மோகல்லு என்னும் சிற்றூரில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்றுத் திரும்பி, ஓமி பாபாவின் குழுவில் இணைந்தார். 1956 ஆகஸ்டுத் திங்களில் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய 'அப்சரா' அணு உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்து முடித்த குழு அவருடையது. 1967இல் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் ஐதராபாத்தில் தோன்றியபோது அதனை முன்னின்று நடத்தும் பொறுப்பும் அவர்பால் வந்தது. 2003இல் அவர் மறைந்தார். அந்நிறுவனத்தை நம்பியும், அதன் அண்டையில் எழுந்த அணு எரிபொருள் வளாகத்தை நம்பியும் தமிழகத்தை விட்டு வந்தவர்களே நம் மூத்த தலைமுறையினரிற் பலர். இதனை எழுதும் யாமும் அவ்வழி வந்தவரே.

தொழிற்கூடத்தை அண்டி வாழ்ந்த நமக்கு, மக்கள் அறிவியலை நம்புவது எதனால், நம்பாமற் போவது எதனால் என்னும் வினா ஏட்டு வினாவன்று. பகலெல்லாம் பற்றவைப்புக் கோலும் அலைமானியுமாக இருந்துவிட்டு மாலையில் வீடு திரும்பினால், அடுத்த வீட்டார் செய்தித்தாளை நீட்டி, "இதில் போட்டிருக்கிறதே, மெய்தானா?" என்று கேட்பார். நம் அறிவை மதித்துக் கேட்கின்றார் என்று மகிழ்ந்ததுண்டு. நெடுநாள் கழிந்தே ஒன்று விளங்கிற்று. நாம் சொன்னதையும் செய்தித்தாள் சொன்னதையும் அருகருகே வைத்து எடைபோட்டு, அவர் செய்தித்தாளையே நம்பினார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. நாம் "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று மட்டுமே சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனோம். செய்தித்தாளோ நான்கு பத்தியில் படத்தோடு சொல்லிற்று.

இவ்வரலாற்றின் தொடக்கம் நம் ஊரிலேயே செய்யப்பட்ட ஒரு பெட்டியில் இருக்கின்றது.

1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 சூலை 31 வரை, ஓராண்டுக் காலம், இந்தியச் சிற்றூர்களில் செயற்கைக்கோள் வழியாகக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஒன்று நடந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனைச் 'சைட்' என்பர். 1969இல் விக்ரம் சாராபாய் காலத்தில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் பயன் அது. சாராபாய் அதனைக் காண உயிரோடில்லை. ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் நம் நாட்டை நோக்கும் வண்ணம் நகர்த்தி நிறுத்தப்பட்டது. ஆந்திரப் பிரதேசம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 ஊர்களுக்கு வானத்திலிருந்து நேரே படம் இறங்கிற்று. தமிழகம் அப்பட்டியலில் இல்லை. அவ்வூர்களுக்கான பெட்டிகளைச் செய்து தந்தது ஈ.சி.ஐ.எல். பெட்டிக்கு மேல் கூரையில் நிறுத்திய பத்தடி விட்டமுள்ள வாங்கியோ, கோழிக்கூண்டுக்கு அடைக்கும் கம்பிவலையால் ஆனது. அதைக் கண்ட ஊரார் நகைத்தனர் என்பதும், படம் வந்தபின் நகைப்பு நின்றது என்பதும் களப்பணிக்குச் சென்று வந்த நண்பர்கள் சொல்லக் கேட்டவை.

இடையில் ஒரு செய்தி. செயற்கைக்கோள் வழித் தகவல் தொடர்பை 1945லேயே எழுத்தில் முன்னுரைத்த ஆர்தர் கிளார்க் அப்போது கொழும்பில் வாழ்ந்தார். அவர் இல்லத்திலும் நம்மவர் சென்று ஒரு வாங்கியைப் பொருத்தித் தந்தனர். ஈழத்தில் தொலைக்காட்சி நிலையமே தோன்றாத காலத்தில் கொழும்பு வீடொன்றில் இந்தியச் சிற்றூர்களுக்கான நிகழ்ச்சி தெரிந்தது. யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவருக்கு இதனை எழுதியபோது, "எங்களுக்கும் ஒன்று அனுப்பக் கூடாதோ?" என்று மறுமொழி வந்தது.

அச்சோதனையைப் பற்றி வியந்து எழுதியோர் பலர். நம் உள்ளத்தில் நின்றது வேறு. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் நிகழ்ச்சி. மாலையில் உழவு, உடல்நலம், குடும்பநலம். ஒரே படத்திற்குத் தெலுங்கும் கன்னடமுமாக இரு குரல்கள். விடுமுறைக் காலத்தில் ஏறக்குறைய 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு, கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டே அறிவியல் சோதனை செய்து காட்டும் முறை கற்பிக்கப்பட்டது. இவற்றினும் மேலாக, சமூகவியல் ஆய்வாளர் சிலர் ஊர்களிலேயே தங்கி, மக்கள் என்ன கண்டனர், எது விளங்கிற்று, எது விளங்கவில்லை என்று கேட்டு எழுதினர். பேசிவிட்டுக் காத்திருந்து, கேட்டது புரிந்ததா என வினவிய தொலைக்காட்சியை அதற்குப் பின் நாம் கண்டதில்லை. அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்த யஷ் பால் என்னும் இயற்பியலார் இதில் பெரும் ஈடுபாடு காட்டினார். அவர் பெயர் மீண்டும் வரும்.

குறைகளும் இருந்தன. மாலையில் அரைமணி நேரம் நாடு முழுமைக்கும் இந்தியில் வந்த பகுதி தெலுங்கு ஊர்களில் எவருக்கும் விளங்கவில்லை. நெருக்கடி நிலைக் காலமாதலின் அரசின் குரலும் அறிவியலின் குரலும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே தொனியில் வந்தன. இரண்டனுள் எதனை நம்புவது, எதனை ஐயுறுவது என்று பிரித்தறியும் வாய்ப்பு மக்களுக்கு இல்லை. அந்நாளில் எமக்கே இது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பெட்டி பழுதின்றி ஓடுகின்றதா என்பதே எம் கவலை.

ஓராண்டு முடிந்தது. உடன்பாட்டின்படி அமெரிக்கர் தம் கோளை நகர்த்திக்கொண்டனர். பெட்டிகள் பல ஊமையாயின. அவ்வாண்டு நிறைவேறிய அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை எனச் சட்டத்தில் எழுதிற்று. கடமையை எழுதிய காலத்திலேயே, அதற்குத் துணையாக வந்த கருவி கைவிட்டுப் போயிற்று.

மூன்றாண்டு சென்றது. 1979இல் அதே வானத்திலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அதன் பெயர் ஸ்கைலாப்.

1973 மே 14இல் அமெரிக்கர் ஏவிய அவ்விண்வெளி நிலையத்தின் எடை ஏறத்தாழ 77 டன். கடைசிக் குழுவினர் 1974 பிப்ரவரியில் அதனை விட்டுத் திரும்பினர். இன்னும் பல்லாண்டு வானில் நிற்கும் என்று நாசா கணித்திருந்தது. சூரியனின் கொந்தளிப்பு எதிர்பார்த்ததினும் மிகுந்தது. அதனால் வெப்பமுற்ற மேல்வளிமண்டலம் விரிந்து, நிலையத்தை உரசி இழுத்தது. கணக்குத் தவறிற்று. எங்கு விழும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. இதற்கு முந்தைய ஆண்டு, 1978 சனவரியில், அணு உலை பொருத்திய சோவியத்துக் கோளாகிய காஸ்மாஸ் 954 கனடாவில் விழுந்து கதிரியக்கத் துணுக்குகளைச் சிதறியிருந்தது. ஸ்கைலாபில் அணு உலை இல்லை. கதிரவன் ஒளியைக் கொண்டே அது மின்சாரம் பெற்றது. எனினும் இரு செய்திகளும் மக்கள் மனத்தில் ஒன்றாய்க் கலந்தன.

1962 பிப்ரவரியில் எட்டுக் கோள்கள் ஒன்றுகூடுகின்றன, உலகம் அழியும் என்று நாடெங்கும் வேள்வி செய்தனர். அவ்வச்சத்திற்கு அடிப்படை ஏதுமில்லை. "இல்லை" என்று ஒரு சொல்லில் முடிக்கலாம். ஸ்கைலாப் அத்தகையதன்று. உண்மையாகவே 77 டன் இரும்பு விழத்தான் போகின்றது. ஆகவே மக்களின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவது அறிவுடைமை ஆகாது. எவ்வளவு அஞ்சலாம் என்பதே அவர்களுக்கு வேண்டியிருந்த செய்தி.

அதற்கான விடை நாசாவிடம் இருந்தது. சிதறும் துண்டுகளால் உலகில் யாரேனும் ஒருவருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு 152இல் ஒன்று. குறிப்பிட்ட ஒருவருக்கு நேரும் வாய்ப்பு 60,000 கோடியில் ஒன்று. அன்றைய மக்கள்தொகையாகிய ஏறக்குறைய 400 கோடியை 152ஆல் பெருக்கினால் இரண்டாம் எண் வந்துவிடும். இரண்டும் ஒரே கணக்கின் இரு முகங்கள். முதல் எண்ணை மட்டும் படிப்பவன் நடுங்குவான். இரண்டாம் எண்ணை மட்டும் படிப்பவன் சிரித்துவிட்டு உறங்கப் போவான். இரண்டையும் தந்து, ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு வருகின்றது என்று விளக்கிய செய்தித்தாளை அந்நாளில் எம் கண் காணவில்லை. ஒரு நாளிதழில் முதல் எண்ணும் மற்றொன்றில் இரண்டாம் எண்ணும் வர, "விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை" என்ற முடிவுக்குப் பால்காரர் வந்துவிட்டார்.

தெலங்காணாச் சிற்றூர்களில் பரவிய கலக்கம் பெரிது. இருக்கும்போதே உண்போம் என்று ஆட்டையும் கோழியையும் அறுத்துண்டோர், கடன் கேட்க வந்தவனிடம் "ஸ்கைலாப் விழட்டும், பார்க்கலாம்" என்று சொன்னோர் எனக் கதைகள் பல. அவ்வாண்டு பிறந்த பிள்ளைகள் சிலருக்கு அப்பெயரே சூட்டப்பட்டது. 2021இல் அதே பெயரில் தெலுங்குத் திரைப்படமும் வந்தது. தமிழகத்திலும் கலக்கம் இருந்தது. காவிரிக்கரையிலிருந்து எம் அன்னையார் எழுதிய உள்நாட்டுக் கடிதம் இன்றும் எம்மிடம் உள்ளது. விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வந்துவிட வேண்டும், எது நேர்ந்தாலும் எல்லோரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். செயற்கைக்கோளிலிருந்து படம் வாங்கும் பெட்டிகளைச் செய்த கூடத்தில் பணியாற்றிய மகனுக்கு அத்தாய் எழுதிய கடிதம் அது. மகன் என்ன சொல்வான் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. தெருவில் ஒருவர் உரக்கப் படித்த செய்தித்தாள் முன்னமே சொல்லிவிட்டது.

1979 சூலை 11 இரவு, நம் நேரப்படி பத்து மணியளவில், ஸ்கைலாப் சிதறிற்று. ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு அப்பால் கடலில் விழுமாறு திருப்ப முயன்றனர். சிறு கணக்குப் பிழையால் துண்டுகள் சில மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் ஊர்ப்புறத்தில் விழுந்தன. ஒருவருக்கும் தீங்கில்லை. குப்பை போட்ட குற்றத்திற்கென்று அவ்வூராட்சி நாசாவுக்கு 400 டாலர் தண்டம் விதித்தது. சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று, முதல் துண்டைக் கொண்டுவருவோருக்குப் 10,000 டாலர் என்று அறிவித்திருந்தது. எஸ்பெரன்ஸ் இளைஞர் ஒருவர் வானூர்தி ஏறிச் சென்று பெற்றுக்கொண்டார். மறுநாள் நம் தெருவில் எவரும் எம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அச்சம் போயிற்று, ஆனால் ஏன் விழுந்தது, ஏன் கணக்குத் தவறிற்று என்று தெரிந்துகொள்ளும் ஆவலும் அதனோடு போயிற்று.

ஏழு திங்கள் கழித்து வந்தது 1980 பிப்ரவரி 16ஆம் நாளின் முழுச் சூரிய கிரகணம். இதனைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகின்றோம். ஏனெனில் எம் நாணமும் இதில் கலந்துள்ளது.

முழு மறைப்பின் தடம் கருநாடகக் கடற்கரையில் ஏறி, ஆந்திரத்தைக் கடந்து, ஒரிசாவில் கடலிறங்கிற்று. நம் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உசுமானியப் பல்கலைக்கழகத்தின் சப்பல்–ரங்காபூர் வானாய்வகம் அத்தடத்தினுள் அமைந்தது. வாழ்வில் ஒருமுறை வாய்த்தற்கரிய காட்சி, பேருந்தில் சென்று காணும் தொலைவில். அறிவியலார் பலர் அங்குக் கூடினர். நகரிலோ தெருக்கள் வெறிச்சோடின. வெறும் கண்ணால் சூரியனைக் காணின் பார்வை கெடும் என்பது மெய். அதனை மருத்துவர் எச்சரித்தது முறையே. செய்தித்தாளும் வானொலியும் அவ்வெச்சரிக்கையைப் பன்முறை சொல்லின. எவ்வாறு தீங்கின்றிக் காணலாம் என்பதைச் சொன்னது குறைவு. தூர்தர்சன் அன்று பிற்பகல் திரைப்படம் ஒளிபரப்பி மக்களை வீட்டினுள் இருத்திற்று என்பது அக்காலத்தார் பலர் நினைவில் நிற்பது. "பாராதீர்" என்ற மருத்துவர் சொல்லும், "கிரகண வேளையில் வெளியே வராதீர்" என்ற பாட்டியின் சொல்லும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. அறிவியலின் பெயரால் சொல்லப்பட்டது பழைய அச்சத்திற்குச் சான்றிதழாய் முடிந்தது.

எம் வீட்டிலும் சன்னல்கள் சாத்தப்பட்டன. ஏழு வயது மகள், "அப்பா, பார்த்தால் என்ன ஆகும்?" என்று கேட்டாள். "கண் போய்விடும்" என்றோம். "பிறகு அங்கே போனவர்களுக்கெல்லாம்?" என்றாள். அட்டையில் ஊசித்துளையிட்டுச் சுவரில் சூரியனின் உருவத்தை வீழ்த்திக் காட்டியிருக்கலாம். அதற்கு வேண்டிய இயற்பியல் பள்ளிப் பருவத்திலேயே படித்ததுதான். அன்று அது நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் சாத்தினர், நாமும் சாத்தினோம். ஒளி மங்கிப் பறவைகள் அடங்கும் ஓசை மட்டும் கதவிடுக்கு வழியே கேட்டது.

அவ்வாண்டு அக்டோபரில் நீலகிரியின் குன்னூரில் அறிஞர் சிலர் கூடி விவாதித்தனர். அதன் பயனாக 1981 சூலையில் 'அறிவியல் மனப்பான்மை குறித்த அறிக்கை' வெளிவந்தது. நம் நகரின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தை நிறுவிய பி.எம்.பார்கவா அதில் ஒப்பமிட்டோருள் ஒருவர். நாட்டில் பகுத்தறிவு தேய்கின்றது என்ற கவலை அதில் ஒலித்தது. மேலிருந்து அறிவு புகட்டும் தொனி அதில் இருப்பதாக ஆஷிஸ் நந்தி மறுத்தெழுத, ஆங்கில இதழ்களில் பெரும் வாதம் மூண்டது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றே எமக்குத் தோன்றும். ஆனால் குன்னூர்ச் சந்தையில் காய் விற்பவர் அறியும் மொழியில் அவ்வாதம் நடைபெறவில்லை. ஊசித்துளை அட்டையைப் பற்றி எவரேனும் ஒரு பக்கம் எழுதியிருப்பின் எம் மகளுக்குப் பயன்பட்டிருக்கும்.

1995ஆம் ஆண்டு இருவேறு நிகழ்ச்சிகளைத் தந்தது. செப்டம்பர் 21ஆம் நாள் பிள்ளையார் பால் அருந்துகின்றார் என்ற செய்தி தொலைபேசி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் ஒரு பகலுக்குள் நாட்டைச் சுற்றி, கடல்கடந்த நம்மவர் கோயில்களுக்கும் சென்றது. நீர்மத்தின் பரப்பு இழுவிசையால் கரண்டிப் பால் கல்லின்மேல் மெல்லிய படலமாய் இறங்குகின்றது என்று, நிறமூட்டிய பாலைக் கொண்டு அறிவியலார் காட்டினர். பக்தியோடு வரிசையில் நின்றவரை ஏளனம் செய்தோர், அவ்விளக்கம் எவருக்கும் சென்றடையாமற் செய்த புண்ணியத்தைக் கட்டிக்கொண்டனர்.

அதற்கு ஒரு திங்கள் கழித்து, அக்டோபர் 24, தீபாவளியை ஒட்டி மீண்டும் முழுச் சூரிய கிரகணம். இம்முறை தடம் வடநாட்டில். தூர்தர்சன் அதனை நேரடியாக ஒளிபரப்பிற்று. முன்பு சொன்ன யஷ் பால் திரையில் தோன்றி, ஒரு பாட்டனார் பேரனுக்குச் சொல்வதுபோல், நிழல் எவ்வாறு நகர்கின்றது, கண்ணாடியின் ஊடே எவ்வாறு காணவேண்டும், எப்போது கண்ணாடியை எடுக்கலாம் என்று விளக்கினார். மைலார்த் தாள் ஒட்டிய கண்ணாடிகள் முன்கூட்டியே விற்கப்பட்டன. தடத்தில் இருந்த ஊர்களில் பெருந்திரளாக மக்கள் வெளியே வந்து நின்றனர். அதே நாடு, அதே தொலைக்காட்சி, அதே சூரியன். இடையே பதினைந்து ஆண்டுகள். 1980இல் "வேண்டாம்" என்று சொன்ன கருவி 1995இல் "இப்படி" என்று சொன்னது. வேறு காரணங்களும் இருக்கலாம். கல்வி பெருகிற்று, தொலைக்காட்சிப் பெட்டிகள் பெருகின. எனினும் வழி சொன்னவரை மக்கள் நம்பினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் அறியோம். அப்போது மணமாகிப் புனேயில் இருந்த மகள் தொலைபேசியில் அழைத்து, "பார்த்தீர்களா அப்பா?" என்றாள். பழையதை அவள் நினைவூட்டவில்லை. எமக்கு நினைவு வந்தது.

தமிழ்நாட்டுப் பக்கம் வருவோம். தமிழில் அறிவியல் எழுதிய மரபு வளமானது. 1891இல் பிறந்து 1986 வரை வாழ்ந்த பெ.நா.அப்புசாமி, தொழிலால் வழக்கறிஞர். எளிய தமிழில் அறிவியல் எழுதுவதை வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர். கோவையிலிருந்து வெளிவந்த 'கலைக்கதிர்' இதழைப் பள்ளி நூலகத்தில் படித்து வளர்ந்தவர் நம்மில் பலர். பின்னர் சுஜாதா, 'ஏன் எதற்கு எப்படி' என்று ஜூனியர் விகடனில் வாசகர் கேட்ட அறிவியல் வினாக்களுக்கு விடை எழுதினார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவுப் பொறியின் ஆக்கத்தில் பங்கு கொண்ட பொறியாளர் அவர். அப்பொறியைச் செய்யும் மற்றொரு நிறுவனம் நம் ஈ.சி.ஐ.எல். கேட்பவன் அறிவிலி என்ற எண்ணம் அவர் விடைகளில் இராது. அதனாலேயே தொடர்ந்து கேட்டனர்.

இத்துணை மரபு இருந்தும் 1996இல் நேர்ந்தது என்ன? இராசபாளையத்தை அடுத்த இடையன்குளத்தைச் சேர்ந்த இராமர் பிள்ளை, மூலிகையைக் கொண்டு தண்ணீரை எரிபொருளாக்குவதாக அறிவித்தார். நாளிதழ்களும் வார இதழ்களும் அட்டைப்படமிட்டுக் கொண்டாடின. தில்லி ஐ.ஐ.டி.யில் செயல்விளக்கம் நடந்தது. அரசு அறிவியல் துறையினரே வியந்து பேசியதாகச் செய்தி வந்தது. பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் கட்டுப்பாட்டோடு நடந்த சோதனையில் அக்கூற்று நிலைபெறவில்லை. அவர் மூலிகை எரிபொருள் என்று விற்றது பெட்ரோலியப் பொருள்களின் கலவையே என்று மத்தியப் புலனாய்வுத் துறை தொடுத்த வழக்கில், 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

நம்மவர் கூட்டமொன்றில் அன்று பாராட்டுத் தந்தி அனுப்பவேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். வேதியியல் கற்ற முதியவர் ஒருவர் எழுந்து, "தண்ணீர் என்பது நீர்வளி எரிந்து முடிந்த சாம்பல், சாம்பலை மீண்டும் விறகாக்க, எரிந்தபோது வந்த வெப்பத்தையேனும் திருப்பித் தரவேண்டும். அந்த வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்று கேட்டீர்களா?" என்றார். அவருக்குக் கிடைத்தது கைதட்டலன்று. "ஒரு பட்டிக்காட்டுத் தமிழன் முன்னுக்கு வந்தால் பட்டம் பெற்றவனுக்குப் பொறுக்காது" என்று பின்வரிசையில் ஒரு குரல். அவையில் பாதிப்பேர் அக்குரலோடு இருந்தனர். முதியவர் அமர்ந்துவிட்டார். கேட்ட வினாவுக்கு அங்கே எவரும் விடை சொல்லவில்லை. அவ்வினாவைக் கேட்ட இதழ்களும் மிகச் சில.

அப்பின்வரிசைக் குரலை நாம் நெடுநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. அதில் வெறும் அறியாமை இல்லை. ஆங்கிலத்தில் பேசி, மதிலுக்குள் வாழ்ந்து, கேட்டால் "உங்களுக்கு விளங்காது" என்று போய்விடும் அறிவியலார் மீது வெகுநாள் சேர்ந்த மனக்குறை அதில் இருந்தது. இதழ்கள் அக்குறையைத் தொட்டு எழுதின, ஆகவே விற்றன. எரிபொருளில் ஏமாந்தோம் என்பது ஒருபுறம். அதற்குப் பின் மெய்யான கண்டுபிடிப்பொன்றைத் தமிழிதழ் எழுதினாலும், "மூலிகைப் பெட்ரோல் மாதிரியா?" என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. இழப்பு அதுவே. கேட்டதனைத்தையும் ஆராய்ந்து மெய்ப்பொருள் காணச் சொன்ன வள்ளுவரை மேடைதோறும் முழங்கும் நாம், ஒரு தராசைக் கொண்டுவரச் சொல்லவில்லை.

வேலையின் இயல்பு காரணமாக நாமும் வாய் திறவாமல் வாழப் பழகிவிட்டோம். அணுவாற்றல் துறை சார்ந்த நிறுவனங்களில் சொல்லக் கூடாதவை பல. அவற்றைச் சொல்லாதது முறை. ஆனால் சொல்லக் கூடியவற்றையும் சொல்லாமல் விட்டோம். ஊசித்துளை மறைபொருளன்று. 152இன் பெருக்கலும் மறைபொருளன்று. இப்போது செய்தி நாளிதழுக்காகக் காத்திருப்பதில்லை. கைப்பேசியில் உறவினர் குழுவில் வருகின்றது. 2020இல் தொற்றுக் காலத்தில் எம் குழுவில் வந்த கசாயச் செய்திகளை எண்ணி முடியாது. தடுப்பூசி பற்றிய ஐயங்களும் வந்தன. அவற்றுக்கு விடை எழுதியவர்களில் எம் மகளும் ஒருத்தி. ஒவ்வொருவர் கேட்டதற்கும் தனித்தனியே, சலிக்காமல், தமிழில் எழுதினாள். அனைவரும் ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. சிலர் ஏற்றனர்.

அதற்குச் சற்று முன்னர், 2019 திசம்பர் 26 காலையில், வளையச் சூரிய கிரகணம் தமிழகத்தின் குறுக்கே சென்றது. கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியே யாழ்ப்பாணம் வரை வளையம் தெரிந்தது. ஐதராபாத்தில் ஒரு பகுதி மட்டுமே மறைந்தது. ஏ.எஸ்.ராவ் நகரில் எம் மொட்டை மாடியில், விடுமுறைக்கு வந்திருந்த பெயர்த்தி கண்ணாடியும் அட்டையுமாக நின்றாள். அட்டையின் துளை வழியே தரையில் பிறைபோல் சூரியன் விழுந்தது. கரூரிலிருந்து உறவினர் அனுப்பிய வளையப் படத்தைக் காட்டி, நமக்கு மட்டும் ஏன் பிறை என்று கேட்டாள். நிழலின் தடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினோம்.

எதிர்வீட்டில் கதவும் சன்னலும் சாத்தியிருந்தன. ஒன்பதரை மணிக்கு மேல் ஒரு சன்னல் சிறிதே திறந்தது. நாற்பதாண்டாக நம் அண்டை வீட்டுக்காரரான அம்மையார், "அயிப்போயிந்தா?" என்று தெலுங்கில் கேட்டார்.

முடியவில்லை, இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றோம். பெயர்த்தி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனாள். சன்னல் மூடப்படவில்லை.